காரைதீவுப் பெற்றோருக்குப் பொருந்திய விசா எது? ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

அம்பாறை மாவட்டத்தின் காரைதீவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கும் அவருடைய மனைவிக்கும் மூன்று பிள்ளைகள். மூத்த மகன் கனடாவின் ஸ்கார்பரோவில் நிரந்தர வதிவிட உரிமையுடன் குடும்பமாக இருக்கிறார். நடுவிலுள்ள மகள் மெல்பேர்னில் கணவருடனும் கைக்குழந்தையுடனும் இருக்கிறார். இளைய மகன் இலண்டனில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி பெற்றவர். தந்தைக்கு 71 வயது, நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உண்டு. தாய்க்கு 66 வயது, பெரிதாக நோய் ஒன்றும் இல்லை. 2025ஆம் ஆண்டில் இவர்களுடைய விண்ணப்ப ஆவணங்களை ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. குடும்பத்தின் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பிள்ளைகள் மூவரும் தத்தம் நாட்டு விதிகளை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்து, அப்பா அம்மாவை எங்கே நிரந்தரமாக எடுப்பது என்று நெடுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சில் பெற்றோர் இருவரும் எவ்வளவு காலம் ஊரைவிட்டு இருக்க விரும்புகிறார்கள் என்ற கேள்வி எழவே இல்லை. அதை முதலில் கேட்டிருந்தால் மூன்று நாட்டு விதிகளில் பாதியைப் படிக்கவே தேவை இருந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். ஆனாலும் பிள்ளைகள் தேடிய வழிகள் ஒவ்வொன்றும் எங்கே அடைபட்டன என்பதை விரிவாகச் சொல்வது, இதே நிலையிலுள்ள மற்றக் குடும்பங்களுக்குப் பயன்படும்.

இலண்டன் வழி முதலிலேயே மூடியது. ஐக்கிய இராச்சியத்தில் 2012 ஜூலை 9 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, வயதுவந்த சார்ந்திருக்கும் உறவினர் என்ற வகையில் பெற்றோரை அழைக்க வேண்டுமானால், முதுமையாலோ நோயாலோ அங்கவீனத்தாலோ அவர்களால் குளித்தல், உடுத்தல், சமைத்தல் போன்ற அன்றாட வேலைகளைத் தாமாகச் செய்ய முடியாத நிலை இருக்க வேண்டும். அதோடு, அந்தப் பராமரிப்பு, பிள்ளை பணம் அனுப்பினாலும்கூட, சொந்த நாட்டில் கிடைக்காது அல்லது தாங்கக்கூடிய செலவில் கிடைக்காது என்பதையும் நிறுவ வேண்டும். காரைதீவில் இன்றும் சைக்கிளில் சந்தைக்குப் போய்வரும் ஒருவருக்கு இது பொருந்தாது. மூவாயிரம் பவுணுக்கு மேற்பட்ட விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டிப் பார்ப்போம் என்று இளைய மகன் சொன்னார். கட்ட வேண்டாம் என்று நான் சொன்னேன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட சாதாரண வருகை விசா பெற்றோருக்கு எப்போதும் திறந்திருக்கிறது, அது போதும்.

மெல்பேர்ன் வழி இதைவிடச் சிக்கலானது, ஏனெனில் அங்கே வழிகள் பலவாக இருப்பதுபோல் தோன்றும். அவுஸ்திரேலியாவின் நிரந்தரப் பெற்றோர் விசாக்களுக்குக் குடும்பச் சமநிலைச் சோதனை என்று ஒன்று உண்டு. பிள்ளைகளில் குறைந்தது பாதிப்பேர் அவுஸ்திரேலியாவில் நிரந்தரமாக வாழ வேண்டும். அல்லது வேறு எந்த ஒரு தனி நாட்டிலும் வாழும் பிள்ளைகளின் எண்ணிக்கையைவிட அவுஸ்திரேலியாவில் வாழ்பவர்களின் எண்ணிக்கை கூடுதலாக இருக்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் மூன்று பிள்ளைகளும் மூன்று நாட்டில், ஒருவருக்கு ஒருவர். பாதியும் இல்லை, கூடுதலும் இல்லை. ஆகவே எவ்வளவு பணம் கட்டினாலும் நிரந்தர விசா அவர்களுக்குக் கிடைக்காது. மகளும் மருமகனும் இந்தச் சோதனையைப் பற்றித் தெரியாமலே பங்களிப்புப் பெற்றோர் விசாவுக்குக் காசு சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். 143 என்ற இலக்கமுடைய அந்த விசாவுக்கு இரண்டாம் தவணைக் கட்டணம் மட்டும் ஒருவருக்கு 43,600 அவுஸ்திரேலிய டொலர், காத்திருப்பு பன்னிரண்டு ஆண்டுக்கு மேல். கட்டணம் குறைந்த 103 விசாவுக்கோ காத்திருப்பு முப்பது ஆண்டளவில். எழுபது வயதைத் தாண்டியவருக்கு அந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டுவதே மனவருத்தம்.

2019இல் வந்த 870 என்ற தற்காலிகப் பெற்றோர் விசாவுக்கு அந்தச் சமநிலைச் சோதனை இல்லை. மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குக் கிடைக்கும், மொத்தத்தில் பத்து ஆண்டுவரை இருக்கலாம், வேலை செய்ய முடியாது. ஆனால் பிள்ளை முதலில் தானே அனுசரணையாளராக அங்கீகாரம் பெற வேண்டும், அதற்கு ஆண்டு வருமானம் 83,454 டொலரை எட்ட வேண்டும். மகள் அப்போது பிள்ளைப்பேற்று விடுப்பில் இருந்தார், மருமகன் வேலை மாறிய காலம், வருமானம் எட்டவில்லை. ஐந்தாண்டு விசாவுக்கு ஒருவருக்குப் பன்னிரண்டாயிரம் டொலர் அளவில் கட்டணமும் உண்டு. குழந்தை பிறந்தபோது தாய் சாதாரண வருகை விசாவில் போய் நின்றுவிட்டு, கொடுத்த காலத்துக்குள் திரும்பி வந்தார். அந்தத் திரும்பி வந்த பயணம் பின்னர் கனடா விண்ணப்பத்தில் பெரும் பலனைத் தந்தது.

கனடாவின் பெற்றோர், பாட்டன் பாட்டி அனுசரணைத் திட்டத்தைத்தான் மூத்த மகன் நம்பியிருந்தார். அதற்கு, பெற்றோரை அழைக்க விரும்புவதாகப் பெயர் கொடுக்கும் விருப்பப் படிவம் கடைசியாக ஏற்கப்பட்டது 2020ஆம் ஆண்டு அக்டோபர், நவம்பரில். அதன் பின் ஆண்டுதோறும் அதே 2020ஆம் ஆண்டுப் பட்டியலிலிருந்தே குலுக்கி அழைப்பு அனுப்பினார்கள். 2025 ஜூலை இறுதியில் 17,860 பேருக்கு அழைப்புப் போனதும் அந்தப் பட்டியலிலிருந்துதான். மகனுக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்தது 2021இல். பட்டியலில் அவர் பெயர் இல்லை, இருக்கவும் முடியாது. பெயர் இருந்திருந்தாலும் மூன்று வரி ஆண்டுகளுக்குக் குறைந்தபட்ச வருமானத்துக்கு மேலே முப்பது வீதம் கூடுதலாகக் காட்டி, இருபது ஆண்டுக்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட வேண்டும். இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ‘இந்த வருசம் லொத்தர் திறக்கும்’ என்று சொல்லி முன்பணம் வாங்கும் முகவர்கள் கல்முனைப் பக்கத்தில் இன்றும் இருக்கிறார்கள்.

எஞ்சியது, பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்குவதற்கான கனடாவின் சூப்பர் விசா. 2011 டிசம்பரில் தொடங்கிய இந்த விசா பத்து ஆண்டுவரை செல்லுபடியாகும்; 2022 ஜூலை 4 முதல் ஒவ்வொரு நுழைவிலும் ஐந்து ஆண்டுவரை தங்கலாம். இது நிரந்தர வதிவிடம் அல்ல. வேலை செய்ய முடியாது, ஒன்ராறியோ மாகாணத்தின் பொது மருத்துவக் காப்பு கிடைக்காது. ஆனால் போகலாம், வரலாம், மீண்டும் போகலாம்.

இந்த இடத்தில்தான், எவ்வளவு காலம் ஊரைவிட்டு இருக்க விருப்பம் என்று தாயிடம் நேரடியாகக் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, ‘வைகாசியில அம்மன் குளிர்த்திக்கு வந்திரலாமா மகன்?’ என்று கேட்டார். ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் நடக்கும் சடங்கு அது. தந்தை பெரும்போகத்தைப் பற்றிப் பேசினார். தன் வயலைக் குத்தகைக்குக் கொடுத்தாலும் விதைப்புக்கு முன் வாய்க்கால் துப்புரவாக்கும்போது தானும் வரம்பில் நிற்க வேண்டும் என்றார். அப்படியானால் நிரந்தர வதிவிடம் அவர்களுக்குத் தேவையே இல்லை. நிரந்தர வதிவிடம் பெற்றவர் ஐந்து ஆண்டில் 730 நாளாவது கனடாவில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுடைய வாழ்க்கைக்கு நேர் எதிரானது. பேரப்பிள்ளைகளோடு சில மாதங்கள், மிகுதிக் காலம் ஊரில் என்பதுதான் இருவருடைய விருப்பம். மூத்த மகன் இதைக் கேட்டுத் தொலைபேசியில் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு சரி என்றார்.

சூப்பர் விசா என்ற முடிவு இலகுவாக வந்தது. ஆவணங்கள் அப்படி வரவில்லை. தாயின் பெயரில் 2023இல் ஒரு கனடா வருகை விசா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. அதை நிரப்பியவர் ஒரு முகவர். மகன் கனடாவிலிருந்து ஐந்து டொலர் கட்டணத்துடன் தகவல் அறியும் கோரிக்கை அனுப்பி, அதிகாரியின் உட்குறிப்புகளைப் பெற்றார். நிராகரிப்புக் கடிதத்தில் வழக்கமான வாசகம் மட்டுமே இருந்தது. உட்குறிப்பில் உண்மையான காரணங்கள் இருந்தன. விண்ணப்பத்துக்கு மூன்று கிழமைக்கு முன் தாயின் வங்கிக் கணக்கில் ஒரே தடவையில் பெருந்தொகை வைப்பிலிடப்பட்டிருந்தது, அது எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கம் இல்லை. அவர் பெயரில் சொத்து எதுவும் இல்லை. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். ஆகவே குறித்த காலத்தில் திரும்பிப் போவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. நிராகரிக்கப்பட்ட எவரும் இந்தக் குறிப்புகளை எடுத்துப் பார்க்காமல் மறுபடி விண்ணப்பிக்கவே கூடாது.

சொத்து இல்லை என்று அந்த அதிகாரி எழுதியது நம் பகுதி வழக்கத்தை அறியாததன் விளைவு. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழர்களிடையே வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதுதான் முறை. இந்தத் தம்பதி மகளின் கலியாணத்தின்போது தாங்கள் வாழ்ந்த வீட்டையும் வளவையும் மகள் பெயருக்கு உறுதி எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டில் தொடர்ந்து இருக்கிறார்கள். மெல்பேர்னிலுள்ள மகளின் வீட்டில் காரைதீவிலுள்ள பெற்றோர் வாழ்கிறார்கள் என்பது ஊரில் எவருக்கும் விளக்கத் தேவையில்லாத விடயம், விசா அதிகாரிக்கோ அது புரியாத விடயம். உறுதியை எடுத்துப் பார்த்தபோது, தாங்கள் உயிரோடிருக்கும்வரை வீட்டில் இருந்து அனுபவிக்கும் உரிமையைப் பெற்றோர் தமக்கென ஒதுக்கி வைத்திருந்தது தெரிந்தது. உறுதியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தப் பந்தியை அடையாளமிட்டு, வழக்கத்தை ஒரே பக்கத்தில் விளக்கும் கடிதமும் மகளின் கையொப்பமிட்ட கூற்றும் இணைத்தோம். தந்தையின் பெயரிலுள்ள வயல் உறுதி, குத்தகை ஒப்பந்தம், ஓய்வூதியம் வரவாகும் வங்கிப் புத்தகத்தின் ஓராண்டுப் பதிவுகள் ஆகியவையும் சேர்ந்தன. கணக்கில் புதிதாக ஒரு சதமும் போடவில்லை. சிறிய தொகை மாதா மாதம் ஒழுங்காக வருவதைக் காட்டும் கணக்கு, முந்தநாள் வந்த பெரிய தொகையைவிட மிக உறுதியாகப் பேசும்.

அடுத்தது பெயர். மகனின் கனடா ஆவணங்களில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. தந்தையின் கடவுச்சீட்டிலோ தந்தையின் தந்தை பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு மறுபடி வேறொன்று. மூன்று தலைமுறைக்கு மூன்று குடும்பப் பெயர். அதற்கு மேலே, மகனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பில் தந்தையின் பெயர் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூடுதலாக இருந்தது, தேசிய அடையாள அட்டையில் அது இல்லை. இரண்டு எழுத்திலும் உள்ள பெயர் ஒரே ஆளுடையது என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, தந்தை மகன் உறவைக் காட்டும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் புதிய பிரதியையும், சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பையும் வைத்தோம். மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போதே கடவுச்சீட்டுப் பிரதியையும் கொடுத்து, பெயர்களை அதே எழுத்தில் போடும்படி சொல்ல வேண்டும். இந்தச் சிறு கவனம் தவறினால் பின்னால் சத்தியக் கடதாசி மேல் சத்தியக் கடதாசியாக ஏறும்.

விவாக அத்தாட்சிப் பத்திரம் இல்லவே இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் காரைதீவின் கரையோர வீடுகளுக்குள் புகுந்தபோது தகரப்பெட்டியோடு போன காகிதங்களில் அதுவும் ஒன்று. பதிவு இலக்கம் எவருக்கும் நினைவில்லை. ஆண்டை மட்டும் வைத்துப் பிரதேச செயலகத்தில் தேடுதல் கட்டணம் கட்டி விண்ணப்பித்தோம்; ஆண்டு தெரிந்தால் பதிவேட்டைப் புரட்டிக் கண்டுபிடித்துத் தருவார்கள். இந்த வேலைக்கே அதிக காலம் போனது. கரையோரக் கிராமங்களில் இன்னும் பல வீடுகளில் அந்தக் காகிதங்கள் மீளப் பெறப்படாமல் கிடக்கின்றன. விசா எண்ணம் வருவதற்கு முன்பே இவற்றை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கனடா பக்கத்து ஆவணங்கள் ஒப்பீட்டளவில் இலகு. மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், வரவிருக்கும் பெற்றோர் இருவர் என ஆறு பேராகக் குடும்ப அளவு கணக்கிடப்படும். 2025ஆம் ஆண்டுக்கான அட்டவணையில் ஆறு பேருக்குத் தேவையான குறைந்தபட்ச வருமானம் 72 ஆயிரம் கனேடிய டொலரைச் சற்றுத் தாண்டியது. மகனுடைய சம்பளம் மட்டும் அதற்கு எட்டவில்லை. மருமகளும் சேர்ந்து கையொப்பமிட்டு அவருடைய வரி மதிப்பீட்டு அறிவித்தலையும் வைத்தபின் எட்டியது. மகன் எழுதிய அழைப்புக் கடிதத்தில் செலவைத் தான் ஏற்பதாகவும், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றும், பெற்றோர் எந்த மாதங்களில் வந்து எந்த மாதங்களில் திரும்புவார்கள் என்றும் இருந்தது. முன்னைய நிராகரிப்பை மறைக்காமல் எழுதினோம். அதை மறைப்பது தவறான தகவல் வழங்கியதாகக் கொள்ளப்பட்டு ஐந்து ஆண்டுத் தடைவரை கொண்டுபோகும்.

பணத்தைவிட எனக்குக் கவலை தந்தது மருத்துவக் காப்புறுதி. சூப்பர் விசாவுக்குக் குறைந்தது ஒரு இலட்சம் டொலர் காப்பு, நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஓராண்டுக்கு, கட்டணம் முழுதாகவோ தவணை முறையிலோ செலுத்தப்பட்டதாக இருக்க வேண்டும்; வெறும் விலைமதிப்புக் கடிதம் ஏற்கப்படாது. முன்பு கனேடிய நிறுவனக் காப்புறுதியே ஏற்கப்பட்டது. 2025 ஜனவரி இறுதியிலிருந்து அங்கே அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களுடையதும் ஏற்கப்படுகிறது. மகன் மலிவான ஒன்றைத் தெரிந்தெடுத்திருந்தார். அதன் விதிகளைப் படித்தபோது, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பு வேண்டுமானால் குறித்த நாட்கள்வரை அந்த நோய் நிலையாக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. நிலையாக இருத்தல் என்பதற்கு அவர்களுடைய பொருள், மருந்தின் அளவு கூடவோ குறையவோ மாறவோ இல்லை என்பது.

தந்தையின் கிளினிக் கொப்பியை விரித்துப் பார்த்தேன். நீல மையில் எழுதிய வரிகளுக்கு இடையே, பயணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும் நிலையில், நீரிழிவு மருந்தான மெட்போர்மின் 500 என்றிருந்தது 850 ஆக மாற்றப்பட்டு, பக்கத்தில் வைத்தியரின் சிறு கையொப்பம் இருந்தது. சீனி கூடியதால் அளவைக் கூட்டியிருக்கிறார்கள், நல்ல சிகிச்சைதான். ஆனால் அந்த ஒரு வரியால், மகன் எடுக்கவிருந்த காப்புறுதியில் நீரிழிவு சார்ந்த எந்த ஆஸ்பத்திரிச் செலவுக்கும் காசு வந்திருக்காது. ஒன்ராறியோவில் காப்பு இல்லாத ஒருவர் சில நாட்கள் ஆஸ்பத்திரியில் படுத்தால் வரும் பில், இந்தக் குடும்பம் வயலை விற்றாலும் தாங்காதது. இரண்டு வழிகள் இருந்தன. நிலைநிபந்தனையின் நாட்கள் குறைந்த, கட்டணம் கூடிய காப்புறுதியை எடுப்பது ஒன்று. புதிய மருந்தளவு நிலைபெறும்வரை பயணத்தைத் தள்ளிப்போடுவது மற்றது. மருந்தைப் பழைய அளவுக்குக் குறைத்துக் கொப்பியைச் சரிசெய்யலாமா என்று ஓர் உறவினர் கேட்டார். அதை ஒருபோதும் செய்யக் கூடாது என்று தந்தையின் முன்னிலையிலேயே சொன்னேன். பயணம் தள்ளிப்போனது. நோய்களை ஒளிக்காமல் காப்புறுதி வினாக்கொத்து நிரப்பப்பட்டது. அதனால் கூடிய கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கை இலண்டனிலுள்ள இளைய மகன் ஏற்றுக்கொண்டார்.

தந்தை கைரேகையும் புகைப்படமும் கொடுக்கவும் (தாய் 2023 விண்ணப்பத்தின்போதே கொடுத்திருந்தார்), அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் இருவரும் பரிசோதனை செய்யவும் கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்பு போனார்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கும்படி நாள் குறித்தோம். வயதானவர்களுக்கு அந்த இரவுப் பயணத்தை இரண்டு தடவை கொடுக்கக் கூடாது. விண்ணப்பக் கட்டணம் ஒருவருக்கு 100 கனேடிய டொலர், தந்தையின் கைரேகைக்கு 85. விசா வந்தது.

போவதற்கு முன் இன்னும் ஒரு காரியம் முடிக்க வேண்டியிருந்தது. ஓய்வூதியக்காரர் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஊரில் இருந்தால் கிராம உத்தியோகத்தர் ஒப்பமிடுவார், வெளிநாட்டில் இருந்தால் இலங்கைத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ பெற வேண்டும். ரொறன்ரோவில் இலங்கைத் துணைத் தூதரகம் இருப்பதால் சிரமம் இல்லை, ஆனால் நாளை மறந்தால் ஓய்வூதியம் நின்றுபோகும். மருமகளின் தொலைபேசி நாட்காட்டியில் அதைப் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

தந்தையும் தாயும் இப்போது ஸ்கார்பரோவில் இருக்கிறார்கள். வயல் ஒரு போகத்துக்கு மட்டும் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. திரும்பும் பயணச்சீட்டு சித்திரைக்குப் போடப்பட்டிருக்கிறது. ஓராண்டுக் காப்புறுதி முடிவதற்கு முன் அவர்கள் ஊரில் இருப்பார்கள். மறுபடி போவதாக இருந்தால் அப்போதைய மருந்தளவை வைத்துக் காப்புறுதியைப் புதிதாக எடுக்க வேண்டும்.